மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம்

எனக்குப் பிறகு என் பகுதியைப் பொறுப்பெடுத்த மருத்துவமாது பர்சானா போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாத்தளை டவுன் பிள்ளை. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அக்கா, ஒங்கட பழைய ரெஜிஸ்டரைப் பாத்துக்கிட்டு இரிக்கிறேன். கொமரிப் பிள்ளைங்க பேருக்கெல்லாம் பக்கத்துல சிவப்புப் பேனையால 'தே'ன்னு எழுதி நேரம் போட்டு இரிக்கி. தே ஆறு, தே பத்து, தே நாலு. இது என்னா? இப்ப வந்திரிக்கிற புதுப் போர்ம்ல அப்பிடி ஒரு கட்டமே இல்லியே?"

"தேத்தண்ணி குடிக்கிற நேரம்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "புள்ளைங்களோட தேத்தண்ணி நேரம் நமக்கு என்னத்துக்கு?"

அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது. "எழுதித் தாங்களேன் அக்கா, புதுசா வந்த நாங்க நாலஞ்சு பேர் இரிக்கிறோம், எல்லாரும் வாசிப்போம்" என்றாள். நான் சாதாரண தரம் மட்டும் படித்தவள். ரெஜிஸ்டரிலும் பிள்ளைகளின் நிறை அட்டையிலும் எழுதியதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தொடங்குகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்டியில் விடுதியில் இருந்தோம், வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டப் பழகினோம், பிரசவம் பார்க்கப் பழகினோம், வீட்டை நினைத்து அழுதோம். முடித்துக்கொண்டு வந்ததும் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் நாலு டிவிஷனை என் கையில் தந்தார்கள். சந்தி வரைக்கும் பஸ். அதற்கு மேல் நடை. ஒரு தோளில் தராசுப் பை, ஒரு கையில் குடை. மறு கையில், யாரும் பார்க்காத வளைவுகளில், ஜெபமாலை. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் சந்தையில் யாராவது "மிஸ்ஸி" என்றால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

நாங்கள் ஒரு பெண்ணின் இரத்தத்தை முதலில் கையாலும் கண்ணாலும்தான் பார்ப்போம். கட்டைவிரலைக் கழுவித் துடைத்துவிட்டு, கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுக்க வேண்டும். பிள்ளை மேலே கூரையைப் பார்க்க வேண்டும். இமையின் உட்புறம் மாதுளம் முத்துப்போலச் சிவந்திருந்தால் நல்லது. உரித்த வெள்ளைப்பூண்டுபோல இருந்தால் கவலைப்பட வேண்டும். பிறகு நாக்கு, நகம், உள்ளங்கையின் ரேகை. கடைசியாக ஒரு கேள்வி: "தண்ணிப் பீலிக்குப் போற படியில எத்தனாவது படியில மூச்சு வாங்குது?" இரத்தம் சோதித்து வருகிற எண், பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலோடு ஒத்துப்போகும்.

கர்ப்பிணித் தாய்க்கு ஓர் அட்டை உண்டு. பிறந்த பிள்ளைக்கு ஓர் அட்டை உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அங்கேயே மாத்திரை கொடுப்பார்கள். ஆனால் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் சமைத்துக்கொண்டு, தம்பிமாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு எந்த அட்டையும் இல்லை. இன்னும் சில வருடத்தில் அவள் கல்யாணம் கட்டுவாள், வயிற்றில் பிள்ளையோடு என் முன்னால் வந்து உட்காருவாள், அப்போதுதான் நான் அவளுடைய கண் இமையை முதல்முறை இழுத்துப் பார்ப்பேன். பார்த்தால் வெள்ளைப்பூண்டு. ஒன்பது மாதத்துக்குள் எவ்வளவு இரத்தத்தை ஊற வைக்க முடியும்?

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை வயதுக்கு வந்தால் பதினாறு நாளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியுமாகத் தாங்குவார்கள். கடன்பட்டாவது கொடுப்பார்கள். பதினேழாம் நாளிலிருந்து அவள் பெரிய பெண். பெரிய பெண் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அப்பா, தம்பிமார், பிறகு விருந்தாளி யாராவது வந்தால் அவர்கள், பிறகு சட்டியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அது அவளுக்கு. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

அதனால் சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு, படிப்பை விட்ட பிள்ளைகளை எல்லாம் பிள்ளைக்காம்பராவுக்கு வரச் சொன்னேன். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. நிறுத்துப் பார்ப்பேன், இமையைப் பார்ப்பேன், இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் வைத்து என் கண்முன்னால் விழுங்கச் சொல்வேன். டொக்டர் தினமும் குடிக்கச் சொன்ன பிள்ளைகளுக்கு ஒரு கிழமைக்கானதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன்.

முதல் மாதம் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். "மிஸ்ஸி, துருப்புடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கு." "மிஸ்ஸி, எனக்கு ஓங்காளிக்குது." எனக்குப் பாவமாக இருந்தது. பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட செல்லம்மா ஆயா தேத்தண்ணி ஊற்றுவதில் கெட்டிக்காரி. இஞ்சி தட்டிப் போட்டு, சாயம் நன்றாக இறங்கின வெறும் தேத்தண்ணி. அவளிடம் சொல்லி ஒரு பெரிய கேத்தல் நிறைய ஊற்றி வைத்தேன். மாத்திரையை வாயில் போடு, சூடாகத் தேத்தண்ணி குடி, ருசியே தெரியாது.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கூடவே தோழிமாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வரவுப் பக்கம் நிறைந்துபோனது. "வீட்டிலயும் இப்பிடியே போட்டுக்கங்க புள்ள" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். மாதக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டே சந்தோஷப்பட்டேன். ஆண்டவர் என் கையை ஆசீர்வதித்திருக்கிறார் என்று எண்ணினேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி டிலானி. பதினேழு வயது. மேல் லயத்தில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை செய்கிற சூசையண்ணனின் மகள். அவளுடைய அம்மா ரீட்டா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு தம்பிமாரையும் அப்பாவையும் டிலானிதான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வரும்போது படியிலேயே விழுந்துவிட்டாள். தலையில் தையல் போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில்தான் இரத்தம் பார்த்தார்கள். எட்டு புள்ளி இரண்டு. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. டொக்டர் வேறு நோய் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்து, ஒன்றும் இல்லை, சத்துக்குறைவுதான் என்று சொல்லி, புழு மாத்திரையும் தினம் குடிக்க இரும்பு மாத்திரையும் எழுதி, என் பொறுப்பில் விட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். எட்டு.

ஏறாதது மட்டுமல்ல, இறங்கியிருந்தது. டொக்டர் கிளினிக் அட்டையை என் பக்கம் தள்ளினார். "இந்தப் பிள்ளை மாத்திரை குடிக்கிறது இல்லை. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா வார்டில நிப்பாட்டி இரத்தம் ஏத்தத்தான் வேணும்."

வெளியே வந்ததும் டிலானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வார்டுல நிக்க ஏலாது மிஸ்ஸி. தம்பிங்கள யாரு பாக்குறது? அம்மா எங்கிட்டதான் ஒப்படைச்சிட்டுப் போனாங்க."

நான் அப்போது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனதுக்குள் கோபம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை, மற்றப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவளைக் கேட்டேன்.

"மாத்திரைய எங்க வீசுற டிலானி? தண்ணி ஓடுற கானுக்குள்ளயா?"

"இல்ல மிஸ்ஸி. குடிக்கிறேன்."

"பொய் சொல்லாத. குடிச்சா ஏறாம இருக்குமா? எத்தன பேர ஏமாத்துற நீ?"

அவள் அழவில்லை. கழுத்தில் தொங்கின சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு, "வஹகோட்டை அந்தோனியார் மேல சத்தியமாக் குடிக்கிறேன் மிஸ்ஸி" என்றாள்.

"சாமியையும் இழுக்காத" என்று சொன்னேன். இன்றைக்கும் பூசையில் பாவ சங்கீர்த்தன மந்திரம் சொல்லும்போது, 'என் பாவமே' என்று மார்பில் தட்டுகிற இடத்தில், எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வரும்.

அதற்கடுத்த சனிக்கிழமை எங்கள் மேற்பார்வை அதிகாரி சோமலதா மிஸ்ஸி வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறிய உருவம். சிங்களம் பேசுகிறவர். தமிழ் முப்பது வருடமாகத் தோட்டங்களில் நடந்து நடந்து பழகினது. சொல்லிவிட்டு வர மாட்டார். எந்த லயத்து வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார், மண் தரையாக இருந்தாலும். சனங்களுக்கு முன்னால் எங்களில் ஒருவரைக்கூட அவர் ஏசியதில்லை. பேனையையும் வெளியே எடுக்க மாட்டார். பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு தனியாகக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பார்: எந்த நேரம்? எதோட? யார் பாத்தது? ஊசியானாலும் சத்துமாவுப் பொதியானாலும் அதே மூன்று கேள்விதான். அந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருந்தால் போதும், அவரிடம் பயப்பட வேண்டியதில்லை.

அன்று பிள்ளைக்காம்பராவில் ஒரு மூலையில் சின்னப் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். செல்லம்மா ஆயா கொடுத்த தேத்தண்ணியையும் வாங்கிக்கொண்டார். "ஹரி ரசய்" என்று சொன்னார். நல்ல ருசி என்று அர்த்தம். ஆயாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் போன பிறகு நான் டிலானியின் அட்டையைக் காட்டி, என் கவலையைச் சொன்னேன்.

"எந்த நேரம் குடிக்கிறது?"

"காலையில சாப்பிட்டுட்டு மிஸ்ஸி."

"எதோட?"

"சும்மாதான். தேத்தண்ணியோட."

அவர் என் பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். ஒரு பீரிசில் வைத்து, கரண்டியின் அடிப்பாகத்தால் நசுக்கித் தூளாக்கினார். அவசரமே இல்லை. அந்தத் தூளைத் தன் கோப்பையில் மீதியிருந்த தேத்தண்ணிக்குள் கொட்டிக் கலக்கினார். பிறகு கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

செம்பொன் நிறமாக இருந்த தேத்தண்ணி கறுத்துப்போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பேனைக்கு ஊற்றுகிற மைபோல.

"இரும்பும் சாயமும் சேந்தா இப்படித்தான் நங்கி" என்றார். நங்கி என்றால் தங்கை. "வயித்துக்குள்ளயும் இதுதான் நடக்குது. மாத்திரையில உள்ள இரும்பத் தேத்தண்ணி புடிச்சி வச்சிருக்கும். ரத்தத்துக்குப் போக விடாது. சாப்பாட்டுல உள்ளதையும் அப்படித்தான். ஒரு மணித்தியாலம் முன்னுக்கும் பின்னுக்கும் தேத்தண்ணி வேணாம். இது ஒனக்குப் படிச்சுக் குடுத்தது தானே?"

படித்துக் கொடுத்ததுதான். கண்டியில் எழுதின கொப்பியில் அந்த வரி இருக்கிறது. பிறகு தேடிப் பார்த்தேன், என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. ஆனால் நான் தேயிலை மலையில் பிறந்தவள். எங்களுக்குத் தேத்தண்ணி என்பது ஒரு சாமான் இல்லை. விடியற்காலை எழும்பினால், மழை பெய்தால், தலை வலித்தால், சாவு வீட்டுக்குப் போனால் குடிக்கிறது. 'எதோட குடிக்கிற' என்று கேட்டால் 'சும்மாதான்' என்போம். அந்தச் 'சும்மா'வுக்குள் ஒரு கோப்பை தேத்தண்ணி இருக்கும்.

செல்லம்மா ஆயாதான் கொதித்துப்போனாள். "என்னோட தேத்தண்ணியில என்னா கொறை? இந்தக் கையால ஊத்தித்தான் இந்தத் தோட்டமே வளந்துச்சு!"

"தேத்தண்ணியில கொறை இல்ல ஆயா" என்றார் சோமலதா மிஸ்ஸி. "நேரத்துலதான் கொறை." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளை பொய் சொல்லல நங்கி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். எங்கேயும் எழுதவும் இல்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜெபமாலை விரலில் நகர்ந்தது. வாய் நகரவில்லை. பிள்ளைகள் தாங்களாக மாத்திரையை வீசியிருந்தாலும் இதைவிட நட்டம் வந்திருக்காது. நானோ அன்பாகக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, ஆறு மாதமாக வலதுகையால் கொடுத்ததை இடதுகையால் பிடுங்கியிருக்கிறேன். அதற்கு மேல், உண்மை சொன்ன பிள்ளையை நாலுபேர் முன்னால் கள்ளியாக்கியிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே மேல் லயத்துக்குப் போனேன். சூசையண்ணனும் இரண்டு பையன்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு, பருப்பு, நெத்தலிப் பொரியல், ஆளுக்கொரு பாதி முட்டை. டிலானி பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் சுருங்கிப்போனது.

"மாத்திரை இந்தா இருக்கு மிஸ்ஸி, எண்ணிப் பாருங்க" என்று பொட்டலத்தை எடுக்கப் போனாள்.

"எண்ண வரல்ல புள்ள. மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

சூசையண்ணன் கையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார். "ஐயோ மிஸ்ஸி, என்னா பேச்சு இது!" நான் மை கதையை அவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். பிழை என்னுடையது, அவள் சொன்னது முழுக்க உண்மை என்று அப்பா காதுபடச் சொன்னேன். டிலானி அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதுகூட அழாத பிள்ளை.

அவர்கள் சாப்பிட்டு எழும்பின பிறகு அவள் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். காலையில் சுட்ட ரொட்டி ஒன்று, கட்டச் சம்பல். பருப்புச் சட்டியில் ஒன்றும் இல்லை. தாச்சியில் நெத்தலி நாலைந்து மீதி இருந்தது. அதை அவள் தொடவில்லை.

"அத போட்டுக்கவேன் புள்ள."

"மச்சம் சாப்பிடுறதில்ல மிஸ்ஸி."

"எப்பயிலேருந்து?"

அப்பா முற்றத்தில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவின் அழைப்பு நாலு மாதம் வரவே இல்லையாம். இருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போது வஹகோட்டைக் கோவிலுக்கு, பக்கத்து லயத்துச் சனங்களோடு திருவிழாவுக்குப் போய், அந்தோனியார் முன்னால் முழங்காலில் இருந்து நேர்ந்துகொண்டாளாம்: அம்மா வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும் மீன், முட்டை, இறைச்சி எதுவும் வாயில் வைக்க மாட்டேன். மறுகிழமையே அம்மா கூப்பிட்டுப் பேசிவிட்டாளாம்.

"அதனாலதான் மிஸ்ஸி. அந்தோனியார் அவரு பக்கத்தச் செஞ்சிட்டாரு. நான் என் பக்கத்த முறிச்சா, அம்மாவுக்கு அங்க என்னமாச்சும் ஆயிருச்சுன்னா?"

வேறு ஒரு மிஸ்ஸியாக இருந்தால், இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருப்பாள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் மூத்த மகன் மூளைக் காய்ச்சலில் கிடந்தபோது நானும் நேர்ந்துகொண்டவள்தான். வெறுங்காலோடு மாதா கோவிலுக்கு ஒன்பது சனிக்கிழமை நடந்தவள். நேர்த்தியை முறி என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது? ஆனால் இந்த ரொட்டியையும் சம்பலையும் வைத்துக்கொண்டு எட்டைப் பன்னிரண்டாக்குவதும் எப்படி? அடுத்த சோதனைக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

"முறிக்க வேணாம்" என்றேன் கடைசியில். "யாருக்கு நேந்தியோ, அவருக்கிட்டயே போய்க் கேப்போம்."

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உகந்த நாள். லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வஹகோட்டைக்குப் போனோம். பூசை முடிந்து சாமியார் கோவிலுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு பணிஸ் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதான மனிதர். எங்களைக் கண்டதும் பணிஸை மறைக்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, பாதியைப் பிய்த்து டிலானியிடம் நீட்டினார்.

கதையைக் கேட்டார்.

"நேர்ந்ததை மாத்தலாம் மகள். அதுக்குத் திருச்சபையில இடமிருக்கு. வீட்டுக்குள்ள வேலைக்காரி மாதிரி பசியோட நீ நிக்கிறதுல அந்தோனியாருக்கு என்ன சந்தோஷம்? அவரு கையில என்ன இருக்கு, பாத்தியா?"

"பாலன்."

"அந்தப் பாலனப் பட்டினி போடவா தூக்கி வச்சிருக்காரு? ஏழைங்களுக்கு அப்பம் குடுக்கச் சொன்ன புனிதர் அவரு." பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா லேசான நேர்த்தியா மாத்திக்கிட்டா ஒனக்கே மனசு வராது. மச்சம் சாப்பிடாம இருக்கிறத விட ஒனக்குக் கஷ்டமானது ஒண்ணு சொல்லு. அதயே நேந்துக்க."

டிலானி பாதிப் பணிஸைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். நல்ல காலம், சொல்லவில்லை.

"அப்பாவோட, தம்பிங்களோட ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுறது" என்றாள். "அவங்க கோப்பையில உள்ளதெல்லாம் என் கோப்பையிலயும் போட்டுக்கிட்டு. அது எனக்குக் கஷ்டம் சாமி. கூச்சமா இருக்கும்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சாமியாரைப் பார்த்தேன்.

"அம்மா வர்ற வரைக்கும், ஒரு நாளும் விடாம" என்று சொல்லி அவள் தலையில் கை வைத்துச் செபித்தார். அவள் போய் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் இருந்தாள். எழும்பி வெளியே வந்ததும் கையிலிருந்த பாதிப் பணிஸைச் சாப்பிட்டு முடித்தாள்.

சூசையண்ணனுக்குச் சொல்லுவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பொம்பளப் புள்ள எங்களோட சமமா ஒக்காந்தா பரிமாறுறது யாரு மிஸ்ஸி?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்ட கேள்வி அது. சின்னவன்தான் பதில் சொன்னான்: "சட்டிய நடுவுல வச்சா முடிஞ்சிச்சு தானே?" அன்று மத்தியானம் நான் இருக்கும்போதே சட்டியை நடுவில் வைத்தார்கள். டிலானி உட்கார இடமில்லாமல் தயங்கி நின்றாள். சூசையண்ணன் பலகையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "ஒக்காரு மா. நேந்துட்டல்ல?" என்றார். அவளுடைய கோப்பையில் முதல் முட்டைப் பாதியை வைத்ததும் அவர்தான்.

சனிக்கிழமைக் கூட்டத்தையும் மாற்றினேன். பத்து மணிக்கு மாத்திரை, தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு; அந்தப் புளிப்பு இரும்பு இரத்தத்தில் சேர உதவும். தேத்தண்ணி பதினொரு மணிக்குத்தான். முதல் கிழமையே சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "தேத்தண்ணிக்கு வந்தா சர்பத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். வரவுப் பக்கம் பாதியாகிவிட்டது. கூட்டத்தில் அதை எழும்பி நின்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. சோமலதா மிஸ்ஸி மட்டும் தலையை ஆட்டினார்.

நின்றவர்களுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. சும்மா இருக்க ஏலாத பிள்ளைகள். ஒருத்தி முருங்கைக் கொப்பு உடைத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி ஊறவைத்த கவுப்பிப் பயறு கொண்டு வந்தாள். செல்லம்மா ஆயா கோபத்தை மறந்து அடுப்பை மூட்டினாள். கீரை ஆய்ந்தபடி, அவித்தபடி, தேங்காய் துருவியபடி பேசுவார்கள். வெளியில் சொல்ல முடியாத வயிற்றுவலி, மூன்று நாள் விஷயம், வீட்டில் பேசுகிற கல்யாணம் எல்லாம் அங்கேதான் என் காதில் விழுந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் கடைசி இல்லை. தேத்தண்ணிக்கு இன்னும் நேரமிருக்கும். இத்தனை வருடம் நான் போதித்ததைவிட அந்த ஒரு மணித்தியாலம் அதிகமாகச் செய்தது. போனவர்களிலும் சிலர் மணம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அன்றிலிருந்துதான் பர்சானா, பெயருக்குப் பக்கத்தில் 'தே' போட்டு நேரம் எழுதினேன். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பதற்கு முன்னால் எப்போது தேத்தண்ணி குடிக்கிறாய் என்று கேட்டேன்.

மூன்று கிழமை கழித்து டிலானியின் இரத்தம் ஒன்பது புள்ளி ஒன்று. டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். வார்டு பேச்சு நின்றது. பத்துப் பதினைந்து கிழமையில் பன்னிரண்டைத் தொட்டது. "மிஸ்ஸி, பீலியிலேருந்து மேல வரைக்கும் மூச்சு வாங்கவே இல்ல. எண்ணிட்டேன், அறுபத்தெட்டுப் படி" என்று ஓடி வந்து சொன்னாள். எனக்கு அந்த அறுபத்தெட்டுத்தான் பன்னிரண்டைவிடப் பெரிய எண்.

ரீட்டா வந்தது அதற்கடுத்த வருடம். கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நான் ஓய்வுபெற நாலைந்து மாதம் இருந்த நேரம். ஆள் பாதியாகிப் போயிருந்தாள். புதுச் சேலை உடம்பில் நிற்கவில்லை. என்னைக் கண்டதும், "மிஸ்ஸி, ஒக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று அடுப்படிக்குத் திரும்பினாள்.

"அம்மா, நில்லுங்க" என்றாள் டிலானி.

கையைக் கழுவினாள். பாவாடையில் துடைக்காமல் சுத்தமான துவாயில் துடைத்தாள். தாயைக் கதவோரம் வெளிச்சத்தில் நிறுத்தி, "கூரையப் பாருங்கம்மா" என்று சொல்லி, கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். நான் பார்ப்பதைப் போலவே. அவள் முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரீட்டா சிரித்தாள். "என்னாடி இது, வந்த அன்னைக்கே? எனக்கு ஒண்ணும் இல்ல. அப்பாவுக்கும் தம்பிங்களுக்கும் சோத்தப் போடு, நான் பொறகு சாப்பிடுறேன்."

"நீங்க வாசல மிதிச்சதும் என் நேர்த்தி முடிஞ்சி போச்சும்மா" என்றாள் டிலானி. "இனி இது நேர்த்தி இல்ல. இந்த வீட்டுப் பழக்கம். ஒக்காருங்க."

சட்டி நடுவில் வந்தது. சூசையண்ணன் பலகையில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ரீட்டா எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் புது மருமகளைப்போல உட்கார்ந்திருந்தாள். அவள் கோப்பையில் மீன் விழுந்தது, கீரை விழுந்தது. சாப்பிட்டு முடித்ததும், "கிளினிக்குக்கு நாளைக்கே கூட்டிக்கிட்டு வாறேன் மிஸ்ஸி" என்று டிலானி என்னிடம் சொன்னாள். நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

"மிஸ்ஸிக்குத் தேத்தண்ணியாவது ஊத்து புள்ள, எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்காங்க" என்றாள் ரீட்டா.

டிலானி சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க குடிச்சா அம்மாவும் கேப்பாங்க மிஸ்ஸி. ஒரு மணித்தியாலம் பொறுக்குறீங்களா?"

பொறுத்திருந்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு, அந்த வாசலில், முழுதாக ஒரு மணித்தியாலம்.